பின்னச்சுக்குள் இறங்கும் தண்ணீர்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கராஜில் வாகனத்தை விட்டாலும், இஞ்சின் ஓயில் மாற்றியதும் அடுத்த தடவைக்கான கிலோமீற்றரை ஒரு சிட்டையில் எழுதி ஒட்டிவிடுவார்கள். பின்னச்சின் நடுவில் தொங்கும் டிபரன்சலுக்கு அப்படி ஒரு சிட்டை இல்லை. அதன் ஓயிலை எப்போது மாற்றுவது என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும். கையேடு சொல்கிற கணக்குப்படி என்பார் ஒருவர். சத்தம் வந்தால் பார்ப்போம் என்பார் அடுத்தவர். கொம்பனி அடைத்துத் தந்தது, அதை ஏன் திறக்கிறாய், ஓடுதுதானே என்பார் மூன்றாமவர். மூன்றுமே வேறு நிலங்களில் எடுபடலாம். மாரியில் வெள்ளத்திலும் கோடையில் கடல்மணலிலும் உழலும் ஒரு பிக்கப்புக்கு அவை பொருந்துமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. பொருந்தாது என்பது என் முடிவு. இந்தக் கரையில் கிலோமீற்றர் இரண்டாவது கணக்கு. அச்சு எத்தனை தடவை தண்ணீரில் முங்கியது என்பதே முதல் கணக்கு.

கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, மொணராகலை என்று வந்து, லகுகலைக் காட்டைக் கடந்து, பொத்துவிலில் கடலைக் காண்கிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை எனக் கரையோரமாகவே மட்டக்களப்பு வரை போகிறது. தெற்கே அறுகம்பைப் பாலத்தைத் தாண்டினால் உல்லை, அப்பால் பாணமை. பாணமைக்குப் பிறகு தார் முடிந்து கிறவல் பாதை. ஒகந்தை முருகன் கோயிலுக்கும் குமணைக்கும் அதுதான் வழி. ஏ4 வீதியை மட்டும் பார்ப்பவருக்கு இது நல்ல சாலை உள்ள ஊர். ஆனால் வாகனங்களின் உழைப்பு பெரும்பாலும் அந்த வீதியில் இல்லை. வயலுக்குப் போகும் மண்பாதையிலும், தோணி கரையேறும் மணலிலும், வாய்க்கால் குறுக்கறுக்கும் ஒழுங்கைகளிலும்தான் அவை தேய்கின்றன.

ஐப்பசிக் கடைசியில் பிடிக்கும் மழை தை வரை நிற்காது. வருடத்து மழையின் பெரும்பங்கு அந்த மூன்று நான்கு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டிப்போட்டதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. பாயும் வெள்ளத்தில் வாகனத்தை இறக்கவே கூடாது. அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பாயாமல் முழங்காலளவில் தேங்கி நிற்கும் நீர் வேறு. அதைக் கடக்காமல் மாரியில் ஒரு மூடை பசளையும் வயலுக்குப் போகாது. மாரி முடிய அறுவடை வரும், நெல்மூடை ஏறும். சித்திரை தாண்டினால் அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்காரர் வரத் தொடங்குவார்கள். புரட்டாதி, ஐப்பசி வரை அவர்களின் பலகையும் பையும் ஏறும். மீன்பெட்டியும் ஐஸும் எல்லாக் காலத்திலும் ஏறும்.

இவற்றைச் சுமப்பவை இரண்டு சாதி. ஒன்று, எல்லோரும் பட்டா என்று கூப்பிடும் சிறிய லொறி. இந்தியாவில் 2005இல் வந்த டாட்டா ஏஸ்தான் இங்கே டிமோ பட்டா ஆனது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சின்ன வண்டி. மற்றது ஹைலக்ஸ், எல்200, நவாரா, டி-மெக்ஸ் போன்ற டபிள் கெப். 2004 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்களோடு இந்தக் கரைக்கு வந்திறங்கிய வெள்ளை டபிள் கெப்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று இவற்றை ஓட்டுகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் கெப் என்றால் முன்னால் ஒரு டிபரன்சல், பின்னால் ஒன்று, நடுவில் ட்ரான்ஸ்பர் கியர்பெட்டி. இந்த மூன்றிலும் தனித்தனியே ஓயில் உண்டு என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. முன்னதைத் திறந்தே பார்த்திராத வண்டிகள் ஏராளம்.

பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டிய தேவை 2020க்குப் பிறகு கூடிவிட்டது. அந்த வருடம் மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபா விழுந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. உதிரிப்பாகமும் அதே வேகத்தில் ஏறியது. டிபரன்சலின் பெரிய பல்சக்கரமான கிறவுன் வீலோ அதைச் சுழற்றும் சிறிய பினியனோ பல் உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, அவை சோடியாகவே உரசிப் பழக்கப்பட்டவை. சோடி தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். பாவித்த செற் ஒன்று கிடைத்தாலும் அதைச் சரியான இடைவெளியில் பொருத்தத் தெரிந்த கை வேண்டும். இதையெல்லாம் தவிர்க்கத் தேவைப்படுவது சில லீற்றர் கியர் ஓயில். பிக்கப்களின் பின்னச்சு பொதுவாக இரண்டு முதல் நான்கு லீற்றருக்குள் பிடிக்கும். பட்டாவுக்கு அதைவிடக் குறைவு.

அந்த ஓயில் உள்ளே என்ன செய்கிறது? வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பில் இறுக்கிவிட்டால் ஒன்று வழுக்கத்தான் வேண்டும். அந்தச் சிக்கலுக்கு 1820களின் கடைசியில் பிரெஞ்சுக்காரரான ஒனெசிபோர் பெக்கூர் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றும் நம் வண்டிகளில் உள்ளது. ஓயிலுக்குப் பெரிய சோதனை வந்தது நூறு வருடம் கழித்து. 1926இல் அமெரிக்காவின் பெக்கார்ட் கார்களில் ஹைபொயிட் பல் வந்தது. பினியன் கிறவுன் வீலின் நடுக்கோட்டுக்கு நேரே நிற்காமல் கீழே இறங்கி நிற்கும். அதனால் புரொப்பெல்லர் தண்டும் கீழே இறங்குகிறது, பல்லின் தொடுபரப்பு கூடுகிறது, சத்தம் குறைகிறது. விலையாக, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் கடுமையாக வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஓயிலின் படலம் கிழிந்துவிடும். ஆகவேதான் கந்தகமும் பொசுபரசும் கலந்த கூட்டுப்பொருள் சேர்க்கிறார்கள். பல் சூடேறும் இடத்தில் கந்தகம் இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சாகிறது. தேய்வது அந்தப் பூச்சு, பல் தப்புகிறது. கியர் ஓயில் டின்னைத் திறந்ததும் மூக்கைச் சுழிக்க வைக்கும் மணம் இந்தக் கந்தகத்தினுடையதுதான். பூச்சு உருவாக உருவாகக் கூட்டுப்பொருள் செலவாகிறது. கண்ணுக்கு நல்ல நிறத்தில் இருக்கும் ஓயிலும் உள்ளுக்குள் வெறுமையாகியிருக்கலாம்.

தேய்வு மட்டுமே பிரச்சினை என்றால் கையேட்டின் கணக்கு போதும். தண்ணீர்தான் அதைக் குலைக்கிறது. டிபரன்சல் முழுக்க அடைத்த பெட்டி அல்ல. ஓடும்போது ஓயிலும் மேலே உள்ள காற்றும் சூடாகி விரியும். அந்த அழுத்தம் வெளியேற அச்சுக்குழாயின் மேல் ஒரு சிறிய மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள், ப்ரீதர் என்பார்கள். அக்கரைப்பற்றிலிருந்து பாரத்தோடு ஓடிவந்த வண்டியின் அச்சுக்குள் 80 பாகைச் சூடு என்று வைத்துக்கொள்வோம். கோமாரிப் பக்கம் ஒரு குறுக்குப் பாதையில் இறங்கி நீருக்குள் நின்றதும் அது 30 பாகைக்கு இறங்குகிறது. உள்ளே இருந்த காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப ப்ரீதர் இழுக்கும். ப்ரீதர் நீருக்குள் இருந்தால் நீரையே இழுக்கும். ப்ரீதர் அடைபட்டிருந்தால் ஓயில் சீலின் உதட்டு வழியாக இழுக்கும். வெளியே கசியாதபடி செய்யப்பட்ட சீல் உள்ளே வருவதைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டி அல்ல. ஆழமான நீரில் ஓடுவதைவிட, சூடான அச்சோடு அது முங்கும் அளவு நீரில் நின்று சரக்கு இறக்குவது மோசமாக முடிவது இதனால்தான். தோணிப் பக்கம் பின்னோக்கி இறக்கி மீன்பெட்டி ஏற்றும் பட்டாக்கள் தினமும் செய்வது இதைத்தான்.

உள்ளே போன நீர் ஓயிலோடு அடிபட்டுப் பால்தேநீர் நிறத்துக்கு வரும். அந்தக் கலவை பல்லுக்கு நடுவே நிற்காது. ஓடும் வண்டியை விடவும் நிறுத்திவைத்த வண்டிக்கு ஆபத்து கூட. உருளைகள் நீர்பட்டபடி அசையாமல் கிடந்தால் துருப் புள்ளி விழும். பின்னர் ஓடும்போது அந்தப் புள்ளியிலிருந்து உலோகம் உரியும். உப்புநீர் என்றால் இது இன்னும் விரைவு. மாரியில் வெள்ளம் பட்ட கெப்பை இரண்டு கிழமை வீட்டு முற்றத்தில் போட்டுவிட்டு, ‘ஓடவே இல்லை, எப்படி பெயரிங் போனது’ என்று கேட்பவருக்கான விடை இதுதான்.

அடைபட்ட ப்ரீதர் இன்னொரு விதத்திலும் பழிவாங்கும். சேறும் துருவும் மூடிவிட்டால் சூட்டில் விரியும் காற்றுக்குப் போக்கில்லை. அது அச்சின் முனையில் உள்ள சீலைத் தள்ளி ஓயிலைப் பின் பிரேக் ட்ரம்முக்குள் அனுப்பும். பிரேக் சூ நனைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அல்லது நிற்காது. சீலை மாற்றித் திரும்பத் திரும்பக் கசிகிறது என்று சலிப்பவர்கள் முதலில் ப்ரீதர் மூடியை விரலால் சுழற்றிப் பார்க்கட்டும். அதைக் கழற்றி, ஒரு றப்பர் குழாயை மாட்டி, பின்விளக்கு உயரத்துக்கு ஏற்றிவிடுவது காட்டுப்பாதை ஓட்டிகள் உலகெங்கும் செய்யும் வேலை. ஒரு தடவை ஓயில் மாற்றும் செலவுகூட ஆகாது. பொத்துவில் வண்டி ஒன்றுக்கு ஒரே ஒரு மேலதிக வேலைதான் செய்யலாம் என்றால் நான் இதையே சொல்வேன்.

இனி கையேடுகள். பல ஜப்பானியப் பிக்கப்களுக்கு 40,000 கிலோமீற்றரை ஒட்டி டிபரன்சல் ஓயில் மாற்றச் சொல்வது வழமை. அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150 போன்றவற்றில் சாதாரணப் பாவனைக்கு 150,000 மைல் வரை விடுகிறார்கள். ‘கொம்பனி அடைத்தது’ என்ற வாதத்தின் வேர் இந்த மாதிரிப் பெரிய எண்களில்தான். ஆனால் அதே ஃபோர்ட் கையேடுகளே அச்சு நீரில் முங்கினால் ஓயிலை மாற்றியாக வேண்டும் என்று தனியாக எழுதுகின்றன. எண்ணைப் படித்தவர்கள் அந்த வரியைப் படிக்கவில்லை. கிலோமீற்றரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வயலுக்கும் வீட்டுக்கும் கடற்கரைக்குமாக ஓடும் ஒரு பட்டாவுக்கு 40,000 சேர மூன்று, நான்கு வருடம்கூட எடுக்கும். அதற்குள் மூன்று மாரி போய்விடும். ஆகவே என் கணக்கு இப்படி: மாரி தொடங்கும் முன் திறந்து பார்ப்பது, மாரி ஓய்ந்ததும் மாற்றுவது. இடையில் அச்சு முழுக்க முங்கினால் அந்தக் கிழமைக்குள்ளேயே மாற்றுவது. தார் வீதியில் மட்டும் கல்முனைக்கும் கொழும்புக்கும் ஓடும் கெப்புக்குக் கையேடு சொல்வதே போதும். அதற்கும் வருடா வருடம் மாற்றச் சொல்வது கராஜுக்கு வருமானம், வண்டிக்கு அல்ல.

எந்த ஓயில் என்ற கேள்வியில்தான் குழப்பம் கூட. கடையில் ‘தொண்ணூறு ஓயில்’ என்று கேட்டு வாங்கி கியர்பெட்டிக்கும் டிபரன்சலுக்கும் ஒன்றையே ஊற்றுவது நெடுநாள் பழக்கம். 90 என்பது தடிப்பை மட்டும் சொல்லும் எண். உள்ளே கந்தகக் கூட்டுப்பொருள் எவ்வளவு என்பதைச் சொல்வது ஜிஎல் என்ற வகுப்பு. ஹைபொயிட் டிபரன்சலுக்கு ஜிஎல்-5 வேண்டும். ஜிஎல்-4இல் அந்தக் கூட்டுப்பொருள் ஏறத்தாழ பாதிதான். மறுபுறம், பல கையியக்கக் கியர்பெட்டிகளுக்குள் பித்தளை வளையங்கள் உண்டு. வீரியமான கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும் என்பதால் அங்கே ஜிஎல்-4 கேட்பார்கள். டிபரன்சலில் மிச்சம் வந்த டின்னை கியர்பெட்டியில் ஊற்றிச் சரிக்கட்டும் வேலை இரண்டில் ஒன்றைக் கெடுக்கும். டின்னில் ஜிஎல் வகுப்பு அச்சிடப்படாமல் இருந்தாலோ, பீப்பாயிலிருந்து போத்தலில் அளந்து தந்தாலோ வாங்காமல் திரும்புவது நல்லது. இலங்கையில் உராய்வுநீக்கி எண்ணெய்ச் சந்தையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கண்காணிக்கிறது. அனுமதி பெற்ற கொம்பனிகளின் பட்டியல் உண்டு.

80டபிள்யூ-90, 85டபிள்யூ-140, 75டபிள்யூ-90 என்று முன்னால் வரும் எண்கள் குளிருக்கானவை. 80டபிள்யூ ஓயில் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலும் ஓட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் பொத்துவிலுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. விலைகூடிய சிந்தெற்றிக் 75டபிள்யூ-90 ஊற்றினால் பல வருடம் தாங்கும் என்பது உண்மை. அது தாங்குவது சூட்டை. உள்ளே வந்த உப்புநீரை அல்ல. மாரிக்கு மாரி மாற்றப்போகும் வண்டிக்குக் கனிய எண்ணெயில் செய்த ஜிஎல்-5 80டபிள்யூ-90 போதும். 140 தடிப்பைப் பற்றிச் சற்று எச்சரிக்கை. பாரம் ஏற்றும் சில அச்சுகளுக்கு அதைக் கொம்பனியே சொல்கிறது. ஆனால் முனகும் டிபரன்சலின் சத்தத்தை விற்பனை நாளில் அடக்கவும் அதே ஓயில்தான் ஊற்றப்படுகிறது. பழைய கெப் வாங்கப் போகிறவர் நிரப்பும் துளையில் விரலைவிட்டுப் பார்ப்பதில் வெட்கப்படக் கூடாது.

லிமிற்றட் ஸ்லிப் வகை டிபரன்சல் உள்ள கெப்புக்கு அதற்கென்றே உராய்வு திருத்திய ஓயில் தேவை. சாதாரணமானதை ஊற்றினால் வளைவில் பின்பக்கம் விட்டுவிட்டு அதிரும். வயல்காரருக்கு ஒரு வார்த்தை: மெசி பேர்கியூசன் போன்ற உழவு இயந்திரத்தின் பின்னச்சும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஓயிலைப் பகிர்ந்துகொள்பவை. கெப்புக்கு வாங்கிய 90 ஓயிலை அதில் ஊற்றக் கூடாது.

மாற்றும் வேலை கடினமில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் நட்டு. கடற்காற்றில் துருப்பிடித்து அது அசைய மறுப்பது இங்கே சாதாரணம். கீழ் நட்டைத் திறந்து ஓயிலை வடித்தபின் மேல் நட்டு திறக்காவிட்டால் வண்டி அந்த இடத்திலேயே கிடக்கும். டொயோட்டாக்கள் பலவற்றுக்கு 24 மில்லிமீற்றர் சொக்கற் பொருந்தும். திறந்த சாவியால் முட்டி நட்டின் மூலையை மழுங்கடிப்பவர்களால்தான் அடுத்தவருக்கு வெல்டிங் வேலை வருகிறது. தண்ணீர் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் இராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்தி, காலையில் கீழ் நட்டை மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். ஓயிலோடு கலக்காத நீர் அடியில் தங்கி முதலில் அதுவே சொட்டும். சந்தேகம் இல்லாதபோது மாறாக, ஓட்டிவந்த சூட்டோடு வடிப்பதே நல்லது. அழுக்கும் சேர்ந்து இறங்கும்.

கீழ் நட்டின் காந்தத்தைத் துடைக்கும் முன் படித்துவிட வேண்டும். சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் அது வழமையான தேய்வு. விரலில் குத்தும் துகள், செதில், பல்லின் முனை என்றால் ஓயில் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பால்நிறம் கண்டால் ஒரு தடவை மாற்றுவது போதாது. விலைகுறைந்த ஜிஎல்-5ஐ ஊற்றிக் கொஞ்சத் தூரம் ஓட்டி, அதையும் வடித்து, பிறகு நல்லதை ஊற்றலாம். டீசல் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். மூலையில் தங்கும் டீசல் புது ஓயிலை நீர்த்துவிடும். புதியதை ஊற்றும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஜக் ஏற்றி நிரப்பினால் அளவு பிழைக்கும். மேல் துளை விளிம்பில் வழியத் தொடங்கும்போது நிறுத்தினால் சரி. வொஷரைப் புதிதாகப் போட்டு, நட்டுப் புரியில் சிறிது கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த மாரிக்குப் பிறகு திறப்பவர் வாழ்த்துவார்.

மணலுக்கும் ஒரு பங்கு உண்டு, பலரும் கவனிக்காதது. நேராக ஓடும்போது டிபரன்சலின் நடுவில் உள்ள சிறு பல்சக்கரங்கள் தம் ஊசியில் ஏறத்தாழ அசைவதே இல்லை. கடற்கரையில் ஒரு சக்கரம் புதைந்து சுழல, மற்றது நிற்கும்போது அவை அசுர வேகத்தில் சுற்றும். அந்த ஊசிக்கு ஓயில் போகும் வழி குறுகியது. ஒரு நிமிடம் விடாமல் முறுக்கினால் ஊசி நீலம் பாரித்து ஒட்டிக்கொள்ளும். எந்த ஓயிலும் இதைத் தடுக்காது. டயர்க் காற்றைக் குறைத்து, பலகையோ தென்னோலையோ போட்டு, மெல்ல எடுப்பதே வழி. நான்கு சக்கர கெப்காரர் கரையேறித் தாரைத் தொட்டதும் நான்கு சக்கர இழுவையை விலக்க மறந்தால் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். அதுவும் அதே பற்களுக்குத்தான் போய்ச் சேரும்.

கடைசியாக, வடித்த ஓயில். பொத்துவில் மணல்நிலம். கிணறுகள் ஆழம் குறைந்தவை. நன்னீர் மணலுக்குள் ஒரு மெல்லிய படுக்கையாகத்தான் நிற்கிறது. பக்கத்திலேயே களப்பும் கண்டல் காடும். வடித்த ஓயிலை வேலிக்கட்டைக்குக் கறையான் வராமல் பூசுவதும், பாதையில் தூசி அடங்க ஊற்றுவதும் நம் ஊர்ப் பழக்கம். கியர் ஓயிலின் கந்தகமும் பொசுபரசும் தேய்ந்த உலோகமும் அதோடு மண்ணுக்குள் போகின்றன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வாகன சேர்விஸ் நிலையங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். ஆனால் வீட்டு முற்றத்தில் மாற்றுபவருக்கு எந்த உரிமமும் இல்லை, பீப்பாயும் இல்லை. பாவித்த ஓயிலைச் சீமெந்துச் சூளையில் எரிபொருளாக எரிக்கும் ஏற்பாடு நாட்டின் மறுகரையில், புத்தளத்தில் இருக்கிறது. மூன்று லீற்றரோடு அங்கே யாரும் போகப்போவதில்லை. பழைய கான் ஒன்றில் அடைத்து, கழிவு ஓயிலை வாங்கிச் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் இப்போதைக்கு நடக்கக்கூடியது. கராஜில் மாற்றுபவர் வண்டியை ஜக்கில் ஏற்றும் முன்பே, வடிப்பதை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டுவிடலாம். பின்பக்க வாய்க்காலைக் காட்டினால் அடுத்த கராஜுக்கு ஓட்டிப் போகலாம்.